தூரத்துக்கு மெசேஜ், பக்கத்துக்குக் குரல்

காதலி கோவையில், காதலன் டொரான்டோவில். அல்லது மனைவி ராமநாதபுரத்தில், கணவர் துபாயில். இப்படிப் பிரிந்திருப்பவர்களிடம், உறவு விட்டுப்போகாமல் இருக்க எது அதிகம் கைகொடுக்கிறது என்று கேட்டால் வீடியோ கால் என்ற பதில்தான் முதலில் வரும். முகம் தெரிகிறது, சிரிப்பு தெரிகிறது, அழுது முடித்த கண்ணும் தெரிந்துவிடுகிறது. நேரில் பார்ப்பதற்கு அடுத்தபடி அதுதானே? கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஒகனாகன் வளாகத்தைச் சேர்ந்த உளவியலாளர் சூசன் ஹோல்ட்ஸ்மனும் சகாக்களும் 2021இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பதிலோடு ஒத்துப்போகவில்லை.

அவர்கள் விசாரித்தது 647 இளைஞர்களை. சராசரி வயது இருபதுக்குக் கொஞ்சம் மேல். எல்லோருமே காதல் உறவில் இருப்பவர்கள். 319 பேருடைய துணை தொலைவில், 328 பேருடைய துணை பக்கத்தில். எவ்வளவு அடிக்கடி மெசேஜ் அனுப்புகிறீர்கள், போனில் பேசுகிறீர்கள், வீடியோ காலில் வருகிறீர்கள், உறவு உங்களுக்கு எந்த அளவுக்கு நிறைவாக இருக்கிறது என்று இரு தரப்பையும் கேட்டார்கள். தூரத்து ஜோடிகள் மூன்றையுமே அதிகம் பயன்படுத்தினார்கள். அதில் வியப்பில்லை. எது நிறைவோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்தபோதுதான் விஷயம் புரண்டது. தூரத்து ஜோடிகளிடம் நிறைவோடு சேர்ந்து வந்தது மெசேஜ். பக்கத்து ஜோடிகளிடம் மெசேஜுக்கும் நிறைவுக்கும் அப்படி ஒரு தொடர்பே தென்படவில்லை. அங்கே சேர்ந்து வந்தது போன் பேச்சு. வீடியோ காலோ இரண்டு தரப்பிலுமே பெரிதாக எதையும் காட்டவில்லை.

இது ஒரே ஒரு முறை எடுத்த கருத்துக்கணிப்பு. மெசேஜ் அனுப்பியதால் உறவு நன்றாக இருந்ததா, உறவு நன்றாக இருந்ததால் மெசேஜ் பறந்ததா என்று இதைக் கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. சந்தோஷமான ஜோடி என்றால் நிறைய மெசேஜ் அனுப்பும் என்பது மட்டுமே காரணம் என்றால், பக்கத்து ஜோடிகளிடமும் அது தெரிந்திருக்க வேண்டுமே. ஒரே போன், ஒரே ஆப், ஒரே எழுத்து. தூரம் மாறினால் அதன் மதிப்பு ஏன் மாறுகிறது?

ஒரு பகுதி விடை அதே ஆய்வில் இருக்கிறது. மெசேஜின் எண்ணிக்கை மட்டும் அல்ல, துணையிடமிருந்து வரும் பதில் எப்படிப்பட்டது என்பதும் தூரத்து ஜோடிகளின் நிறைவோடு இணைந்திருந்தது. உடனே வருகிறதா, அக்கறையோடு வருகிறதா, சொன்னது காதில் விழுந்தது என்று காட்டுகிறதா என்பதுதான் கணக்கு. நெருக்கம் எப்படி உருவாகிறது என்பதற்கு ஹாரி ரைஸ், பிலிப் ஷேவர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1988இல் சொன்ன விளக்கமும் இதுதான். ஒருவர் தன்னைப் பற்றி எதையாவது திறந்து சொல்கிறார். மற்றவர் அதற்குக் கொடுக்கும் பதிலில், 'என்னைப் புரிந்துகொண்டார், ஏற்றுக்கொண்டார், என்மேல் அக்கறை இருக்கிறது' என்று முதலாமவருக்குத் தோன்ற வேண்டும். இந்தச் சுற்று திரும்பத் திரும்ப நடந்தால் நெருக்கம் ஏறுகிறது. சொல்லப்படும் விஷயம் பெரிதாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

"சாப்டியா?" என்ற மெசேஜை எடுத்துக்கொள்ளலாம். தகவல் என்று பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. மதியம் இரண்டு மணிக்கு யாராக இருந்தாலும் சாப்பிட்டிருப்பார்கள். "இப்பதான். இன்னைக்கும் அதே பருப்பு" என்று பதில் வந்தால் ரைஸும் ஷேவரும் சொன்ன சுற்று ஒரு தடவை முழுசாக முடிந்துவிட்டது. "ம்" என்று வந்தால் பாதியில் அறுந்துவிட்டது. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே தேவைப்படாது. கழுவாமல் கிடக்கும் தட்டே பதில் சொல்லிவிடும். பிரிந்திருப்பவர்கள் இழப்பது இந்த மாதிரிச் சில்லறைத் தகவல்களைத்தான். தலைவலி, பஸ் தாமதம், மேலதிகாரியின் முறைப்பு, புதுச் செருப்புக் கடி. வாரம் ஒருமுறை ஒரு மணி நேர வீடியோ காலில் யாரும் செருப்புக் கடியைப் பற்றிப் பேச மாட்டார்கள். அது அந்தந்த நிமிடத்தில் போய்ச் சேர்ந்தால்தான் உண்டு. அதைச் சுமப்பதற்கு மெசேஜ்தான் தோதான வண்டி.

நேரமும் ஒரு காரணம். போன் என்றால் இருவரும் ஒரே சமயத்தில் சும்மா இருக்க வேண்டும். மெசேஜுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, வெயிலில் நின்று வேலை செய்பவர்களுக்குப் பகல் 12:30 முதல் 3 மணி வரை கட்டாய ஓய்வு. ஊரில் அப்போது மணி இரண்டிலிருந்து நாலரை. நிழலில் கால் நீட்டிப் படுத்திருக்கும் தொழிலாளிக்கு அதுதான் போனை எடுக்கும் நேரம். கூடப் பத்துப் பேர் படுத்திருக்க, மனைவியிடம் வாய்விட்டுப் பேச முடியாது. ஊரிலோ மாமியார் முற்றத்தில் இருப்பார், பிள்ளை பள்ளியிலிருந்து வரும் நேரம். போதாக்குறைக்கு அந்நாட்டில் வாட்ஸ்அப்பின் குரல், வீடியோ அழைப்புகள் தடுக்கப்பட்டிருக்கின்றன. அனுமதி பெற்ற வேறு ஆப்களில் சிலவற்றுக்குக் காசு கட்ட வேண்டும். எழுத்துக்கும் வாய்ஸ் நோட்டுக்கும் அந்தத் தடை இல்லை. 2015இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டவரை ஏறக்குறைய 22 லட்சம் என்று கணக்கிட்டது. அவர்களில் எத்தனையோ பேருடைய இல்லறம் இந்த மாதிரி மதிய நேரத்து மெசேஜ்களில் நடக்கிறது.

இதற்கு முந்தைய தலைமுறைக்குக் கேசட் இருந்தது. வளைகுடாவுக்குப் போனவர்கள் ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். பதில் கேசட் வர மாதங்கள் ஆகும். அதில் யாரும் "சாப்டியா?" என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்க முடியாது. மொத்த வாழ்க்கையையும் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம் என்று சுருக்கிச் சொல்ல வேண்டும்.

பிரிந்திருப்பவர்களின் நெருக்கம் குறைவாகத்தான் இருக்கும் என்பதும் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. ஹாங்காங் நகரப் பல்கலைக்கழகத்தின் கிரிஸ்டல் ஜியாங், கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹேன்காக் இருவரும் 63 காதல் ஜோடிகளை ஒரு வாரம் நாட்குறிப்பு எழுத வைத்தார்கள். சுமார் பாதிப் பேர் தொலைதூர ஜோடிகள். நேரில், போனில், வீடியோவில், மெசேஜில் என்று அன்றன்று நடந்த பேச்சு ஒவ்வொன்றையும் இருவரும் தனித்தனியே குறித்தார்கள். 2013இல் வெளியான முடிவில் தூரத்து ஜோடிகளிடம் நெருக்கம் குறையவில்லை, கூடியிருந்தது. காரணம் இரண்டு. அவர்கள் தங்களைப் பற்றி அதிகம் மனம் திறந்தார்கள். துணையின் சொல்லையும் செயலையும் உள்ளதைவிட அழகாக எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது காரணத்தை நின்று பார்க்க வேண்டும். அமெரிக்கத் தகவல்தொடர்பியலாளர் ஜோசப் வால்தர் 1996இலேயே இதற்கு ஒரு விளக்கம் தந்திருந்தார். திரை வழியாகப் பேசும்போது சில சமயம் நேரில் பேசுவதைவிட அதிக நெருக்கம் தோன்றுகிறது என்றார் அவர். அனுப்புகிறவருக்கு யோசித்து, அழித்து, திருத்தி, தன்னை நல்லபடியாகக் காட்டிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. வாங்குகிறவருக்கோ கிடைப்பது கொஞ்சம் எழுத்துதான். மிச்சத்தைக் குறுக்கெழுத்துப் புதிரின் கட்டங்களைப் போலத் தானே நிரப்பிக்கொள்கிறார். பிடித்தவர் என்பதால் நல்ல சொற்களைக் கொண்டே நிரப்புகிறார். வாட்ஸ்அப்புக்கு மட்டும் உரிய வியாதி அல்ல இது. தந்திக் கம்பி வழியாகவே காதலிக்கும் இரண்டு தந்தி ஊழியர்களைப் பற்றி எல்லா சீவர் தேயர் என்ற அமெரிக்கப் பெண் 1879இல் ஒரு நாவலே எழுதினார். கம்பியின் மறுமுனையில் இருப்பவர் உண்மையில் யார் என்பதுதான் அதிலும் சிக்கல்.

அப்படியானால் முகமே தெரிகிற வீடியோ கால் ஏன் கணக்கில் தோற்றது? அதற்கு அதன் தொழில்நுட்பத்துக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். மனிதப் பேச்சில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்குவதற்கு இடையில் விழும் இடைவெளி மிகச் சிறியது. டானிஷ், ஜப்பானியம், லாவோ உள்ளிட்ட பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வு, மொழிக்கு மொழி சிறு வேறுபாடு இருந்தாலும் அது பெரும்பாலும் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கிறது என்று காட்டியது. கண் சிமிட்டும் நேரத்துக்குள் அடுத்தவர் ஆரம்பித்துவிடுகிறார். இணைய அழைப்பில் கேமரா படம் பிடித்து, சுருக்கி, அனுப்பி, மறுமுனையில் விரித்துக் காட்டுவதற்குள் இந்த இடைவெளியைவிட அதிக நேரம் போய்விடக்கூடும். சிக்னல் மோசமானால் கேட்கவே வேண்டாம். "சொல்லு", "இல்ல நீ சொல்லு" என்று இருவரும் ஒரே சமயத்தில் பேசி, ஒரே சமயத்தில் நிறுத்துவது இதனால்தான்.

எரிச்சலோடு முடிந்தால் பரவாயில்லை. 2014இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் ஓர் அழைப்பில் செயற்கையாகத் தாமதத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். தாமதம் 1.2 விநாடி வரை போனபோது, பேசியவர்கள் நெட்வொர்க்கைக் குறை சொல்லவில்லை. எதிரில் இருப்பவர்தான் கவனமில்லாமல், ஒட்டாமல் பேசுகிறார் என்று மதிப்பிட்டார்கள். தாமதம் இயந்திரத்துடையது, பழி ஆள்மேல். கண்ணும் இதில் ஏமாற்றுகிறது. திரையில் தெரியும் முகத்தைப் பார்த்தால் கேமராவைப் பார்க்க முடியாது. கேமராவைப் பார்த்தால் முகத்தைப் பார்க்க முடியாது. எனவே இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடியே, பார்க்காதவர்களாகத் தெரிவார்கள்.

வீடியோவுக்கு வேறொரு பயன் உண்டு. கனடா ஆய்வாளர்கள் கார்மன் நியூஸ்டேட்டர், சால் கிரீன்பெர்க் இருவரும் தொலைதூர ஜோடிகளிடம் விரிவாகப் பேசி 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் வந்தவர்களில் சிலர் வீடியோவைப் பேசுவதற்காக வைத்திருக்கவில்லை. இணைப்பைப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். ஒருவர் சமைக்க, மற்றவர் படிக்க, மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். தூங்கும்போதும் அணைக்காதவர்கள் இருந்தார்கள். பேச வேண்டிய கட்டாயம் போனதும் வீடியோ வேறு வேலைக்கு வந்துவிட்டது: ஒரே கூரைக்குக் கீழ் இருப்பதன் நகல்.

மெசேஜுக்கும் அதன் கோளாறுகள் உண்டு. முதல் கோளாறு தொனி. ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி முதலானோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களிடம் கிண்டலாகச் சிலவும் நேர்ப்பொருளில் சிலவும் அனுப்பச் சொன்னார்கள். வாங்குகிறவர் நூற்றுக்கு 78 தடவை சரியாகப் பிடித்துவிடுவார் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் சரியாகப் பிடித்தது 56 தடவை. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே ஐம்பது வந்துவிடும். குரலில் கேட்டவர்களோ ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு சரியாகச் சொன்னார்கள். எழுதுகிறவர் தன் மனதுக்குள் கேட்கும் குரலோடுதான் எழுதுகிறார். அந்தக் குரல் எழுத்தோடு சேர்ந்து போகாது.

பதில் சிறுத்தால் ஆபத்து இன்னும் கூடும். அமெரிக்காவின் பிங்கம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களுக்குச் சில மெசேஜ்களைக் காட்டினார்கள். ஒற்றைச் சொல்லில் 'சரி' என்பது போன்ற பதில். சிலவற்றில் கடைசியில் முற்றுப்புள்ளி, சிலவற்றில் இல்லை. புள்ளி வைத்த பதில் மனதிலிருந்து வராத பதிலாகப் பட்டது. அதே பதிலைக் கையால் எழுதிய துண்டுச்சீட்டில் காட்டியபோது அந்த வேறுபாடு இல்லை. முகமும் குரலும் இல்லாத இடத்தில் ஒரு புள்ளிகூட முகபாவமாக மாறிவிடுகிறது. 2014 நவம்பரில் வாட்ஸ்அப் நீல நிற டிக்கைக் கொண்டுவந்த பிறகு, எழுதப்படாத பதிலுக்கும் அர்த்தம் வந்துவிட்டது. பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பது இப்போது நேரம் குறித்த ஆவணம்.

குரலிலிருந்து கிடைப்பது தொனி மட்டும் அல்ல. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லெஸ்லி செல்ட்சரும் சகாக்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வு காதலர்களைப் பற்றியது அல்ல. தாயையும் மகளையும் பற்றியது. சிறுமிகளுக்கு எல்லோர் முன்னாலும் பேசவும் கணக்குப் போடவும் சொல்லி மனஅழுத்தம் கொடுத்தார்கள். பிறகு சிலரைத் தாயோடு நேரில் சேர்த்தார்கள், சிலரைப் போனில் பேசவிட்டார்கள், சிலர் தாயோடு சாட் செய்தார்கள், சிலருக்கு யாரும் இல்லை. நேரிலும் போனிலும் தாயின் குரலைக் கேட்ட சிறுமிகளுக்கு அழுத்தத்தின் அடையாளமான கார்டிசால் இறங்கியது, பிணைப்போடு தொடர்புடைய ஆக்ஸிடோசின் ஏறியது. சாட் செய்தவர்களின் அளவுகள், யாரோடும் பேசாதவர்களின் அளவுகளைப் போலவே இருந்தன. தாயின் சொற்கள் வந்து சேர்ந்தும் உடம்பு அசையவில்லை.

இனிப் பக்கத்து ஜோடிகளின் பாடு. பியூ ஆய்வு மையம் 2014இல் வெளியிட்ட அமெரிக்கக் கணக்கின்படி, திருமணமோ உறவோ உள்ள, மெசேஜ் அனுப்பும் பழக்கமுள்ளவர்களில் நான்கில் ஒருவர், இருவருமே வீட்டில் இருக்கும்போது துணைக்கு மெசேஜ் அனுப்பியிருந்தார். கூட இருக்கும்போதே துணையின் கவனம் போனில் போய்விடுகிறது என்றவர்களும் உறவில் உள்ள செல்போன்காரர்களில் நான்கில் ஒருவர். டெக்சாஸின் பெய்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ராபர்ட்ஸ், மெரிடித் டேவிட் இருவரும் நடத்திய ஆய்வில் 46.3 சதவீதம் பேர், துணை போனைப் பார்த்தபடி தங்களை ஒதுக்குவதாகச் சொன்னார்கள், 22.6 சதவீதத்தினர் இதனால் சண்டையே வருகிறது என்றார்கள். தூரத்தில் இருப்பவருக்கு ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும் அதே கருவி, பக்கத்தில் இருப்பவருக்கு ஆளைக் கொண்டுபோய்விடுகிறது.

சண்டையையும் சமாதானத்தையும் எழுத்தில் முடித்துக்கொள்ளும் பழக்கத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். யூட்டா மாகாணத்தின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் லோரி ஷேடும் குழுவினரும் உறவில் இருக்கும் 276 இளைஞர்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். மன்னிப்புக் கேட்பதற்கும் கருத்து வேறுபாட்டைத் தீர்ப்பதற்கும் மெசேஜைப் பயன்படுத்திய பெண்களிடம் உறவின் தரம் குறைவாக இருந்தது. ஆண்களிடமோ மெசேஜ் எண்ணிக்கை கூடியபோதே தரம் இறங்கியிருந்தது. அன்பைத் தெரிவிக்க அனுப்பிய மெசேஜ்கள் மட்டும் நல்ல உறவோடு சேர்ந்து வந்தன. பக்கத்தில் இருந்தும் ஒருவர் எழுத்தைத் தேர்ந்தெடுத்தால், எதிரில் உட்கார்ந்து பேச முடியாத ஏதோ ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்று படிக்க இடமுண்டு.

நம் வீடுகளில் இந்தத் தேர்வு காதலர்கள் கையில் மட்டும் இருப்பதில்லை. வீட்டுக்குத் தெரியாத காதல் என்றால், அடுத்த தெருவில் இருப்பவரோடும் பேச்சு மெசேஜில்தான். கூடத்தில் அப்பா டிவி பார்த்துக்கொண்டிருக்க, தங்கை பக்கத்தில் படித்துக்கொண்டிருக்க, சத்தம் போடாத ஒரே வழி அது. போனில் பேச வேண்டும் என்றால் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போக வேண்டும். லண்டன் ஆய்வாளர்கள் மிர்கா மடியானோ, டேனியல் மில்லர் இருவரும் பிரிட்டனில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் தாய்மார்களையும் ஊரில் இருக்கும் அவர்களுடைய பிள்ளைகளையும் ஆராய்ந்து 2012இல் எழுதிய புத்தகத்தில் இதன் மறுபக்கத்தைக் காட்டினார்கள். கையில் எல்லா வழிகளும் மலிவாக வந்துவிட்டால், எந்த வழியைத் தேர்ந்தெடுத்தோம் என்பதே ஒரு செய்தி ஆகிவிடுகிறது. போன் செய்திருக்கலாமே, ஏன் மெசேஜ்? வீடியோவைத் திறந்திருக்கலாமே, ஏன் குரல் மட்டும்? காசு இல்லை, ஐ.எஸ்.டி. பூத் மூடிவிட்டது என்று முன்பு சொல்ல முடிந்த சமாதானம் இப்போது செல்லாது.

தூரத்து ஜோடிகள் ஒருநாள் பக்கத்து ஜோடிகள் ஆகிறார்கள். படிப்பு முடிகிறது, விசா வருகிறது, ஒப்பந்தம் தீர்கிறது. ஒஹையோ மாகாணப் பல்கலைக்கழகத்தில் லாரா ஸ்டாஃபோர்டும் ஆண்டி மெரோலாவும் சகாக்களும் 2006இல் இந்தத் திருப்பத்தை ஆராய்ந்தார்கள். பிரிந்திருந்து ஒரே ஊருக்கு வந்து சேர்ந்த மாணவக் காதலர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மூன்று மாதத்துக்குள் உறவை முறித்துக்கொண்டிருந்தார்கள். பழைய தூரம் போனதில் எதை இழந்தீர்கள் என்று கேட்டபோது தனக்கென்று இருந்த நேரம், எதிர்பார்ப்பு, சந்திப்பின் புதுமை என்று பதில்கள் வந்தன. துணையைப் பற்றிப் புதிதாகத் தெரியவந்தவற்றில் நல்லதும் இருந்தது, கெட்டதும் இருந்தது. வால்தர் சொன்ன காலிக் கட்டங்கள் இப்போது ஆளே நேரில் நின்று நிரப்பும் கட்டங்களாகிவிடுகின்றன.

பழகிப்போன வழியும் அந்த நாளிலிருந்து வேலை மாறுகிறது. இரண்டு வருடம் துபாய்க்கும் ராமநாதபுரத்துக்கும் இடையே சில்லறைத் தகவல்களைச் சுமந்த மெசேஜுக்கு ஒரே வீட்டில் அந்த வேலை இல்லை. செருப்புக் கடியைக் காலே காட்டிவிடும். பக்கத்து அறையிலிருந்து "ஏன் கோபம்?" என்று வரும் மெசேஜ், கனடா ஆய்வின் 319 பேரிடமிருந்து 328 பேரிடம் இடம் மாறிய மெசேஜ். அந்த 328 பேரிடம் நிறைவோடு சேர்ந்து நின்றது, எடுத்துப் பேசுகிற போன்.